உப்பைத் தாங்கும் தக்காளி: என்எச்எக்ஸா, எச்கேடியா?

செடியில் சோடியத்தைக் கையாளும் மரபணுக் குடும்பங்கள் என்எச்எக்ஸ் (NHX), எச்கேடி (HKT). உவர் நிலத்துக்கான ரகம் உருவாக்க இவற்றில் எதைப் பிடிப்பது?

வேலை: என்எச்எக்ஸ், உப்பிலுள்ள சோடியத்தைச் செல்லின் வாக்குவோலுக்குள் (செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பை) அடைத்துவிடும்.
எச்கேடி, சைலத்தில் (வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோகும் குழாய்) ஏறும் சோடியத்தை வழியிலேயே இழுத்து, இலைக்குப் போவதைக் குறைக்கும்.

பலன்: 2001-இல் வெளியான ஆய்வில், அரபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுச் செடியின் என்எச்எக்ஸ்1 மரபணுவைக் கூடுதலாக இயங்கவைத்த தக்காளி 200 மில்லிமோலார் (கரைசலின் செறிவு அளவு) உப்பிலும் காய்த்தது. கடல்நீர் உப்பில் சுமார் 40 சதவீதம் அது! உப்பு இலையில் சேர்ந்தது, பழத்தில் மிகக் குறைவு. சரி, கீரையில் இதைச் செய்தால்? உப்பு தட்டுக்கே வந்துவிடும்.

செலவு: என்எச்எக்ஸ் வழி மரபணு மாற்றம் என்றால் அனுமதிக்கே ஆண்டுகள் போகும்.
எச்கேடி வேறுபாடுகள் காட்டுத் தக்காளி இனங்களிலேயே உண்டு. கலப்பினச் சேர்க்கை போதும்.

இலையைச் சாப்பிடும் பயிருக்கு எச்கேடி. பழத்தைச் சாப்பிடும் பயிருக்கு, அனுமதியும் ஆய்வுக்கூடமும் கைவசமிருந்தால், என்எச்எக்ஸ்.