சாமான் வாங்கப் போகும் நேரத்துக்கு ஒரு கணக்கு: கூகுள் ஷீட்ஸ் பாவித்துப் பார்த்ததில்

வீட்டுச் செலவு எழுத எங்களிடம் கொப்பி இருக்கிறது. கூகுள் ஷீட்ஸ் என்ற விரிதாள் செயலியில் நான் எழுதி வருவது வேறு கணக்கு. வீட்டுக்குச் சாமான் வாங்கிவர ஆருக்கு எவ்வளவு நேரம் போகிறது என்பதை வன்னியில், விசுவமடுவில் இருந்துகொண்டு அதில் பதிகிறேன். இந்த வேலைக்கு ஷீட்ஸ் நல்லது. காசில்லை, ஃபோனிலேயே வேலை செய்யும், வீட்டில் எல்லாரும் ஒரே தாளில் எழுதலாம். ஆனால் நேரத்தைக் கணக்குப் பார்ப்பதில் அதற்கென்று சில குணங்கள் உண்டு. அவை தெரியாமல் தொடங்கினால் கெதியாக வெறுத்துவிடும் என்பதால் அதையும் விபரமாகவே சொல்கிறேன்.

ஏன் நேரம்? இலங்கையின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017 இல் முதன்முதலாக நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நாடு முழுக்க நடத்தியது. இப்படியான ஆய்வுகளுக்கென்று ஐக்கிய நாடுகள் சபையின் 2016ஆம் ஆண்டு வகைப்படுத்தல் ஒன்று இருக்கிறது. அதில் வீட்டுக்குச் சாமான் வாங்குவது 37ஆம் பிரிவு. வீட்டு வேலைக்காகப் போய் வருகிற பயணம் தனியாக 38ஆம் பிரிவு. இரண்டும் சம்பளமில்லாத வீட்டு வேலை என்ற ஒரே தலைப்புக்குள் வருகின்றன. வாங்குவது வேறு, போய் வருவது வேறு என்று பிரித்திருந்தது எனக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. கொழும்பில் சந்திக்குச் சந்தி கடை. இங்கே ஒரு மருந்துக்கோ ஒரு சோடி பள்ளிச் சப்பாத்துக்கோ பரந்தன் வீதியில் பஸ் பார்த்து நிற்க வேண்டும். அந்தப் பயணத்தைச் சேர்க்காமல் எழுதும் கணக்கு எங்கட கணக்காகாது.

என் தாளில் நிரல்கள் கொஞ்சம்தான். திகதி, ஆர் போனது, எந்த இடம், என்ன சாமான், பிறகு நாலு நேரம்: வீட்டால் வெளிக்கிட்டது, கடையடிக்குப் போனது, வாங்கி முடிந்தது, வீடு வந்தது. நாலு நேரத்தை எழுதினால் மூன்று இடைவெளியை அதுவே கழித்துக் காட்டும். ஒரு வியாழக்கிழமை நிரையை அப்படியே தருகிறேன். இடம் கிளிநொச்சிச் சந்தை. வெளிக்கிட்டது 8:05, சந்தையடி 9:20, வாங்கி முடிந்தது 10:00, வீடு 11:50. போக ஒன்றே கால் மணித்தியாலம், வர இரண்டுக்குப் பத்து நிமிடம் குறைவு, சந்தைக்குள் நின்றது வெறும் 40 நிமிடம். மரக்கறிப் பையும் தேங்காயும் காலடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற நேரம் அந்த வரவுக்குள்தான் கிடக்கிறது. இடத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் ஒவ்வொரு தரமும் எழுதத் தேவையில்லை. தெரிவுப் பட்டியலாக வைத்தால் தொட்டாலே போதும். தமிழில் எழுதினாலும் தேடும், வடிகட்டும்.

இனி அந்தக் குணங்கள். ஷீட்ஸுக்கு ஒரு முழு நாள் என்றால் 1. ஆறு மணித்தியாலம் என்றால் 0.25. மேலே சொன்ன மூன்றே முக்கால் மணித்தியாலப் பயணம் அதற்குள்ளே 0.15625 ஆக இருக்கிறது. மணித்தியாலமாக வேண்டுமென்றால் 24 ஆல் பெருக்க வேண்டும். இதே காரணத்தால் மாத முடிவில் கூட்டும்போது ஒரு விசித்திரம் வரும். கூட்டுத்தொகை 26 மணித்தியாலம் 30 நிமிடம் என்றால், கலம், அதாவது அந்தக் கட்டம், சாதாரண நேர வடிவத்தில் இருக்கும்போது 2:30 என்றுதான் காட்டும். 24 தாண்டியதும் புது நாள் என்று எடுத்துக்கொள்கிறது. வடிவமைப்புப் பட்டியலில் கால அளவு என்று மாற்றினால் 26:30 சரியாக வரும். எக்செல்லிலும் கதை இதுதான், அங்கே மணித்தியாலத்தைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும்.

பின்னேர நேரத்தை 13:15 என்று எழுதப் பழக வேண்டும். வெறுமனே 1:15 என்று போட்டால் அது விடியப்புறம். காலையில் வெளிக்கிட்ட ஆள் விடியப்புறமே வீடு வந்த மாதிரிக் கணக்கு மைனஸில் நிற்கும். இப்போதைய நேரத்தைக் காட்டும் நவ் (NOW) என்ற சூத்திரத்தை நேரம் பதிய நம்பக்கூடாது. தாளில் வேறெங்காவது ஒன்றைத் திருத்தினாலும் அது அந்த நிமிடத்துக்கு மாறிவிடும். காலையில் 8:05 காட்டிய கலம் இரவு 9:00 காட்டும். கணினியில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், அரைப்புள்ளி மூன்றையும் சேர்த்து அமத்தினால் அசையாத நேரம் விழும். ஃபோனில் கையால்தான் எழுத வேண்டும். வெயிலில், ஒரு கையில் பையோடு, சின்னத் திரையில் கலம் கலமாகத் தட்டுவது லேசான வேலையில்லை.

அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி வட்ஸ்அப். வீட்டுக் குழுவில் "வெளிக்கிட்டாச்சு", "கடையடி", "முடிஞ்சுது" என்று ஒரு சொல் அனுப்பினால் நேரம் தானாகவே விழுகிறது. இரவு சாப்பிட்ட பிறகு மகள் அதைப் பார்த்துத் தாளில் ஏற்றுகிறாள். கூகுள் படிவம் ஒன்று செய்து இணைத்தாலும் நேரம் தானாகப் பதியும்தான், ஆனால் இணையம் இல்லாமல் படிவத்தை அனுப்ப முடியாது. தாள் அப்படியில்லை. ஓஃப்லைனில் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவு செய்துவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் எழுதலாம், இணைப்பு வந்ததும் தானே சேர்த்துக்கொள்ளும். வன்னியில் இருக்கிறவர்களுக்கு இந்த ஒன்றே ஷீட்ஸைத் தெரிவு செய்யப் போதுமான காரணம்.

நாள் போகப் போக இரண்டு விசயம் தெளிவாகியது. ஒன்று, பெரிய சந்தைப் பயணத்தைவிட ஒற்றைச் சாமான் ஓட்டங்கள்தான் நேரத்தைத் தின்கின்றன. பச்சை மிளகாய், நெருப்புப் பெட்டி, பிள்ளையின் கொப்பி. ஒவ்வொன்றும் சின்னன், கூட்டினால் சந்தையை விழுங்கிவிடும். மற்றது, 'ஆர் போனது' என்ற நிரலை வடிகட்டியபோது அந்தச் சின்ன ஓட்டங்களில் பெரும்பாலானவை என்னுடையதும் மாமியுடையதும். என் கணவர், இவர் போகிற பயணங்கள் நீளம், எண்ணிக்கை குறைவு. "நான்தானே தூரம் போறன்" என்று இவர் சொல்வது உண்மை, எங்களுக்குத்தான் கூட நேரம் போகிறது என்பதும் உண்மை. தாளைப் பார்த்த பிறகு வாக்குவாதத்துக்கு வேலையிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை எங்கட பக்கம் கன வீடுகளில் மரக்கறிச் சமையல் என்பதால் சந்தையில் சனம் கூட. அந்தச் சந்தைவேலையை இப்போது இவர் வியாழன் பின்னேரம் வேலை முடிந்து வரும் வழியில் முடித்துவிடுகிறார். அந்தப் பயணத்துக்கென்று தனியாக ஒரு நிமிடமும் போவதில்லை.

விலைக் கதையையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். கிளிநொச்சியில் மலிவு என்று போனால், மிச்சம் பிடித்த காசிலிருந்து பஸ் காசைக் கழித்து, போன மணித்தியாலங்களால் பிரித்துப் பாருங்கள். மாதச் சாமானை மொத்தமாக எடுக்கப் போனால் பெறுமதி உண்டு. இரண்டு மூன்று சாமானுக்கென்றால் பக்கத்துக் கடைதான் லாபம், விலை கூடவென்றாலும். ஆனால் நாள் கூலியில் இருக்கிற வீட்டுக்கு மாதச் சாமான் என்ற பேச்சே இல்லை. கைக்குக் காசு வருகிற அன்றைக்குத்தான் அரிசி. அவர்களுக்குப் பக்கத்துக் கடையின் கடன் கொப்பிதான் ஆதாரம். தாளைப் பார்த்து அவர்களுக்கு ஆலோசனை சொல்லக்கூடாது.

மாமி ஃபோன் தொடுவதில்லை. நடந்து போய் வருவா, வந்ததும் நேரத்தைச் சொல்லுவா, நான் பதிவேன். ஒருநாள் கேட்டா: "பிள்ளை, நான் கடைக்குப் போனா நாலு கதையும் எல்லோ கேட்டுக்கொண்டு வாறன். அதுக்கு எங்க இடம்?" நியாயமான கேள்வி. அஸ்வெசும என்ற அரசாங்க உதவித்தொகைப் பட்டியல் கிராம சேவையாளர் கந்தோரில் ஒட்டியிருக்கு என்பதும், ஆரின் வீட்டில் ஆர் சுகமில்லாமல் கிடக்கினம் என்பதும் எங்களுக்கு மாமியின் கடைப் பயணத்தில்தான் வந்து சேர்கிறது. அந்த நேரத்தைக் குறைக்க வேண்டிய நேரமாக எழுத எனக்கு மனமில்லை. குறிப்பு என்று ஒரு நிரல் சேர்த்து, கேட்டு வந்ததை ஒரு வரியில் எழுதுகிறேன். இப்போது மாமியின் நிரைகளைத்தான் வீட்டில் எல்லாரும் முதலில் வாசிக்கிறார்கள்.

மல்லாவியில் இருக்கிற என் தங்கச்சிக்கும் தாளின் பிரதி ஒன்று எடுத்து அனுப்பினேன். பிரதி எடுத்தால் சூத்திரமும் தெரிவுப் பட்டியலும் அப்படியே போகும், எங்கட தரவை மட்டும் அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். அவள் இரண்டு கிழமை எழுதிவிட்டு, பஸ்ஸுக்கு நின்ற நேரத்துக்கும் கடையில் வரிசையில் நின்ற நேரத்துக்கும் வேறு வேறு நிரல் வேண்டும் என்று கேட்டாள். சேர்த்துக் கொடுத்துவிட்டு, எங்கட தாளிலும் அதையே செய்திருக்கிறேன்.