முரசுக்குள் போகும் பீங்கான்: கிளேஸா, பொலிஷா?

இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்துப் பல் கட்டுபவர்கள் நிறத்தைத்தான் கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். முரசுக்குள், அதாவது ஈறுக்குள், மறையும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் பீங்கானை எப்படி முடித்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்தில் கிரவுணுக்கு (மேலே பொருத்தும் பல்லுக்கு) அதைச் செய்யும் லேப்புக்கு எழுதும் தாளிலும் நிறத்துக்கு ஒரு கட்டம் இருக்கும், இதற்கு இருக்காது.

சொந்தப் பல்லில் முரசின் நார்கள் வேரின் மேற்படைக்குள் புகுந்து பிடித்திருக்கும். இம்ப்ளாண்டில் அந்தப் பிடி இல்லை. நார்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் ஒட்டி ஓடும். மேலே மெல்லிய தோல் கலங்கள் மட்டும் பீங்கானில் ஒட்டிக்கொண்டு வாயின் அழுக்கு கீழே இறங்காமல் தடுக்கின்றன. அந்த ஒட்டு நிற்பதா பெயர்வதா என்பதில் மேற்பரப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் கிளேஸ். கண்ணாடித் துகளைக் குழைத்துத் தூரிகையால் பூசி, சூளையில் சுட்டு எடுப்பது. கையில் வாங்கும்போது ஈரம் காயாத மாதிரி மின்னும். உருப்பெருக்கியில் பார்த்தால் கதை வேறு: தூரிகை போன தடம், சின்னக் குமிழிகள், ஓரத்தில் தேங்கிய தடிப்பு. பிறகு வைத்தியர் கடியைச் சரிசெய்யக் கொஞ்சம் உராய்ந்தாலே அந்த இடத்தில் பூச்சு போய்விடும். உமிக்கரி போட்டுத் தேய்க்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் கிளேஸ் எத்தனை நாள் தாங்கும் என்பது சந்தேகம்தான்.

என்னைக் கிளேஸிலிருந்து விலக்குவது அதைவிட 1998இல் நாய்களில் செய்து வெளியான ஒரு சோதனை. டைட்டேனியம், அலுமினா பீங்கான் இரண்டிலும் முரசு ஒழுங்காக ஒட்டியது. தங்கக் கலவையிலும் போர்சலின் எனும் கண்ணாடித்தன்மையான பீங்கானிலும் ஒட்டவில்லை. முரசு பின்வாங்கியது, எலும்பும் இறங்கியது. கிளேஸ் அப்படியே போர்சலின் இல்லை, ஆனால் அதே கண்ணாடிக் குடும்பம். சிர்கோனியா என்ற உறுதியான பீங்கான் வேண்டுமென்று காசு கொடுத்துவிட்டு, முரசில் படும் இடத்தை மட்டும் கண்ணாடியால் மூடுவது என்ன கணக்கு?

பொலிஷ் என்றால் மேலே எதுவும் பூசுவதில்லை. வைரத்தூள் கலந்த றப்பர் சில்லுகளைக் கரடிலிருந்து நைசுக்கு வரிசையாக மாற்றி, கடைசியில் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது. ஒரு சில்லைத் தாண்டிக் குதித்தால் முந்தியதன் கீறல் அப்படியே கிடக்கும். தண்ணீரோடு, கையை அழுத்தாமல் செய்ய வேண்டும். சூடேறினால் சிர்கோனியாவின் படிக அமைப்பு மாறி நுண்விரிசல் வரலாம். கரடின் சராசரி அளவு 0.2 மைக்ரோமீற்றருக்குக் கீழே போக வேண்டும் என்பது இத்துறையில் பழகிப்போன எல்லை. அதற்கு மேலே போனால் கிருமிப் படலம் கூடும்; கீழே இன்னும் நைசாக்குவதால் பெரிய லாபமில்லை. ஒழுங்காகப் பொலிஷ் செய்த சிர்கோனியா அந்த எல்லைக்குள் வந்துவிடும்.

சரி, கரடாக விட்டால் கலங்கள் நன்றாகப் பிடிக்காதா? மணல் வீசிக் கரடாக்குவதற்குச் சார்பாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆய்வுகூடத் தட்டில் சில கலங்கள் நுண்ணிய கரடை விரும்புகின்றன, சிலவேளை அதற்கு மாறாகவும் முடிவு வருகிறது. ஆனால் அந்தத் தட்டில் வெற்றிலைச் சாறும் இல்லை, கிருமியும் இல்லை. வாயில் முந்திக்கொள்வது கிருமிதான். முரசுக்குள் போகும் பீங்கானில் மணல் வீசுவதற்கு நான் ஓம் சொல்லமாட்டேன்.

கிரவுணுக்குப் பயன்படும் இன்னொரு பீங்கானான லித்தியம் டைசிலிகேட்டையும் பொலிஷ் செய்யலாம், முரசும் ஏற்கும். வளைக்கும்போது உடையாமல் தாங்கும் வலிமைதான் குறைவு, 400 மெகாபாஸ்கல் அளவு. சிர்கோனியா வழக்கமாக 1000 பக்கம்.

ஆகவே லேப் தாளில் ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: முரசுக்குள் கிளேஸ் வேண்டாம், பொலிஷ் மட்டும். நிறத்துக்காகக் கிளேஸ் வேண்டுமென்றால் உதட்டுப் பக்கத்தில், முரசு விளிம்புக்கு வெளியிலேயே நிறுத்தட்டும். கதிரையில் வைத்து உராய்ந்த இடத்தை அங்கேயே திரும்பப் பொலிஷ் செய்ய வேண்டும். அப்புறம் நீராவியாலும் அல்ட்ராசோனிக் தொட்டியிலும் கழுவாமல் வாயில் வைக்கக் கூடாது. பேஸ்டின் மெழுகு கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும், முரசு பீங்கானைத் தொடாமல் அந்த மெழுகைத்தான் தொடும்.