சேற்றில் ஏறாத பழைய லேண்ட் ரோவருக்கு ரிங்லெட்டில் ஒரு பட்டறை

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து அடிவார ஊரான தாப்பாவுக்கு இறங்கும் சாலையோரம் பெயர்ப்பலகை இல்லாத ஒரு டீசல் பட்டறை இருக்கிறது. பானெட் கழற்றிய பழைய லேண்ட் ரோவர்கள் இரண்டு மூன்று வாசலில் நிற்கும், அதுதான் அடையாளம். தேயிலைத் தோட்டத்து வண்டிகளும் காய்கறி ஏற்றும் வண்டிகளும் வந்து போகும் இடம். "இழுவை இல்லை" என்று வரும் லேண்ட் ரோவரின் 200டிடிஐ, 300டிடிஐ டீசல் இன்ஜின்களுக்கு இவர்கள் செய்யும் வேலையைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறோம். கியர்பாக்ஸ், வெல்டிங், பெயிண்ட் வேலைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இழுவைக் கோளாறு என்றால் தயங்காமல் இங்கே போகலாம். இவர்கள் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் வண்டியைச் சுமையோடு மேட்டில் ஏற்றிப் பார்க்கிறார்கள், அதனால்தான் சொல்கிறோம். பல இடங்களில் வண்டியை நிறுத்தி வைத்து, ஆக்சிலேட்டரை இரண்டு தடவை மிதித்துவிட்டு, "பம்ப் போச்சு அண்ணே" என்பார்கள். டீசலை அளந்து இன்ஜினுக்கு அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றி ஈப்போ நகருக்கு அனுப்பி, பெரிய தொகை கொடுத்து மாட்டிய பிறகும் அதே மேட்டில் அதே இடத்தில் வண்டி முக்கிக்கொண்டு நிற்கும்.

சுமை ஏன் அவ்வளவு முக்கியம்? 300டிடிஐ 2,495 சிசி இன்ஜின். 4,000 சுற்றில் 111 குதிரைத்திறன், 1,800 சுற்றில் 265 நியூட்டன் மீட்டர். தார்ச் சாலையில் வெறும் வண்டி ஓட இதில் சிறு பங்கு போதும்; டீசல் வரத்து பாதி அடைத்திருந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது. உர மூட்டைகளோடு முழங்கால் சேற்றில் லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர் நிலை) ஏறும்போது மிதியை விட முடியாது. இன்ஜின் நிமிடக்கணக்கில் முழு டீசல் கேட்கும். குறை அப்போதுதான் வெளியே வரும். பனிமலைகளில் ஓடும் பழைய ஸ்னோகேட் வண்டிகளும் இப்படித்தான்: இறுகிய பனியில் ஒழுங்காக ஓடும், ஆழமான புதுப் பனியில் இறங்கியதும் இளைக்கும்.

உயரமும் இருக்கிறது. மலைமேல் உள்ள தானா ராத்தா ஊர் சுமார் 1,440 மீட்டரில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. டர்போ (புகையின் விசையால் சுழன்று காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத 2.25, 2.5 லிட்டர் டீசல் இன்ஜின்கள் கிட்டத்தட்ட அந்த அளவு பலத்தை இழந்துதான் ஓடும், கறும்புகையும் கூடும். எந்தப் பார்ட்ஸ் மாற்றினாலும் அது திரும்பி வராது. டர்போ உள்ளதில் இழப்பு இதில் ஏறக்குறைய பாதிதான். டர்போவின் அழுத்தம் எல்லை தாண்டாமல் காக்கும் வேஸ்ட்கேட் வால்வு, வெளிக்காற்றுக்கு மேல் 0.9 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே தாப்பாவில் மொத்த அழுத்தம் 1.9 பார், மேலே 1.75. ஆனால் கேஜ் இரண்டு இடத்திலும் 0.9 என்றுதான் காட்டும். இதை வாடிக்கையாளரிடம் விளக்கிச் சொல்லி, "இது கோளாறு இல்லை, மலை" என்று திருப்பி அனுப்பும் பட்டறை எத்தனை இருக்கிறது?

சோதனைக்கு 80 வெள்ளி (ரிங்கிட்). வேலை கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்கிறார்கள். வழக்கமாக ஏற்றும் சுமையோடு வரச் சொல்வார்கள், வெறும் வண்டியைக் கொண்டுபோனால் முகம் சுளிப்பார்கள். வந்ததும் மூன்று இடத்தில் கைவைக்கிறார்கள். டர்போவிலிருந்து பம்பின் மேல்மூடிக்குப் போகும் சிறு ஹோஸில் டி-துண்டு வைத்து, டர்போ அழுத்தம் காட்டும் ஒரு பூஸ்ட் கேஜ். தொட்டியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்புக்குள் டீசல் நுழையும் பக்கம், உறிஞ்சும் விசையைக் காட்டும் ஒரு வாக்குவம் கேஜ். பில்டருக்கும் இன்ஜெக்ஷன் பம்புக்கும் நடுவில் குறைந்த அழுத்தம் காட்டும் ஒரு கேஜ், அதோடு ஒரு சாண் நீளத்துக்குத் தெளிந்த பிளாஸ்டிக் ஹோஸ். கேஜ் மூன்றையும் நீண்ட குழாயில் டாஷ்போர்டுக்குக் கொண்டுவந்து, பட்டறைக்குப் பின்னால் உள்ள தோட்டத்து மண் ஏற்றத்தில் மிதியை அடியோடு அழுத்தி ஏற்றுகிறார்கள்.

டீசல் பக்கத்தில் வாக்குவம் கேஜ், அழுத்தக் கேஜ், தெளிந்த ஹோஸ் மூன்றும் சேர்ந்தால்தான் விடை கிடைக்கும். ஏற ஏற வாக்குவம் முள் உயர்ந்துகொண்டே போனால் அடைப்பு லிஃப்ட் பம்புக்கு முன்னால்: தொட்டிக்குள் உறிஞ்சும் குழாயின் வலை, சேசிஸில் உள்ள செடிமென்டர் (தண்ணீரையும் கசடையும் பிரிக்கும் கிண்ணம்), அல்லது நசுங்கிய குழாய். தொட்டி மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போய் முள் இறங்கினால், தொட்டியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. செலவே இல்லாத வேலை. வாக்குவம் சரி, ஆனால் பம்பு வாசலில் அழுத்தம் சுழியத்துக்கு விழுகிறது என்றால் பில்டர் அல்லது லிஃப்ட் பம்ப். முதலில் பில்டரை மாற்றி மறுபடி ஏற்றுவார்கள். அப்போதும் விழுந்தால்தான் லிஃப்ட் பம்ப்.

தெளிந்த ஹோஸ்தான் இந்தச் சோதனையின் கண். இன்ஜின் சும்மா ஓடும்போது அதில் டீசல் தேன் நிறத்தில் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். மேடு ஏறி முடித்து, இன்ஜினை நிறுத்தாமல் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். கடுகு அளவுக் குமிழிகள் வரிசையாக ஓடினால் உறிஞ்சும் பக்கம் எங்கோ காற்று நுழைகிறது. டீசல் வெளியே கசியாது, தரையில் ஒரு சொட்டும் இருக்காது, அதனால் பலர் இதைக் கண்டுபிடிப்பதே இல்லை. பெரும்பாலும் செடிமென்டர் சீல், அல்லது தொட்டிக்கு மேலே ஹோஸ் ஏறும் இடத்தில் குழாயில் துருவால் விழுந்த ஊசித்துளை.

இந்தக் கோளாறு இப்போது அதிகம் வருவதற்கு எரிபொருளும் ஒரு காரணம். 2019 முதல் நாட்டில் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்கிறார்கள். அது பழைய தொட்டியில் படிந்த கசடைக் கரைத்து பில்டருக்குக் கொண்டுவரும். சாதா டீசலைவிடக் கூடுதலாகத் தண்ணீரையும் பிடித்து வைக்கும். மலைக் குளிரில் பாதி காலியான தொட்டியின் உட்சுவரில் இரவெல்லாம் நீர் கோக்கும். அந்தத் தண்ணீரில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து உண்டாகும் கறுப்புக் கசடுதான் வலையை அடைப்பது. பழைய நைட்ரைல் ரப்பர் ஹோஸும் சீலும் நாளாக ஊறி, தளர்ந்து, வெடிக்கும். ஹோஸ் மாற்றச் சொன்னால் வைட்டான் அல்லது பயோடீசல் தாங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். இந்தப் பட்டறையில் அதை மீட்டர் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

காற்றுப் பக்கம். பூஸ்ட் 0.9 பாரைத் தொடாமல் 0.5, 0.6இல் நின்று, பின்னால் கறும்புகை கொட்டினால் காற்று கசிகிறது அல்லது உள்ளேயே வரவில்லை. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்கள் மேலே பார்க்கப் புதிதுபோல் இருக்கும். வெடிப்பு அடிப்பக்கம் இருக்கும். சிறு கண்ணாடியைக் கீழே நீட்டிப் பார்த்தால், எண்ணெய் மினுமினுப்பும் அதில் ஒட்டிய செம்மண்ணும் விரல் நீளத்துக்கு ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடுதான் வெடிப்பு. சில ஹோஸ் வெளியே நன்றாக இருந்து, உள் உறை மட்டும் உரிந்து மடிந்து வழியை அடைக்கும்; கழற்றி விரல் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஏர் பில்டர் அடைத்திருந்தால் டர்போவுக்குப் போகும் பெரிய ஹோஸ் முழு இழுவையில் சப்பி ஒட்டிக்கொள்ளும். புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு உள்ள இன்ஜினில் அது திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் இதே கறும்புகைதான்.

பூஸ்ட் சரி, டீசல் வரத்தும் சரி, புகையே இல்லை, ஆனாலும் இழுவை இல்லை என்றால் இன்ஜெக்ஷன் பம்பின் தலையில் உள்ள பூஸ்ட் டயாஃப்ரமை (டர்போ அழுத்தத்துக்கு அசையும் மெல்லிய சவ்வு) பார்க்க வேண்டும். அது கிழிந்தால் டர்போ வேலை செய்தும் பம்ப் கூடுதல் டீசல் கொடுக்காது. கைப்பம்பால் அந்த ஹோஸில் 0.9 பார் ஏற்றி முள் நிற்கிறதா என்று பார்ப்பார்கள், இறங்கினால் கிழிசல். நான்கு திருகைக் கழற்றி மாற்றும் வேலைதான். ஆனால் டயாஃப்ரமைத் தூக்குமுன் அது எந்தத் திசையில் இருந்தது என்று குறி போடவேண்டும். கீழே உள்ள ஊசி ஒருபக்கம் சாய்வாகக் கடைந்தது, திருப்பி வைத்தால் டீசல் அளவே மாறிவிடும். இவர்கள் குறி போடுகிறார்கள், கவனித்துப் பார்த்தோம்.

காற்றுக் கசிவை விட்டுவிட்டு பம்பில் டீசல் அளவை மாற்றும் திருகை மட்டும் கூட்டிக் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுவார்கள். பாராட்ட வேண்டிய பிடிவாதம். காற்று இல்லாமல் டீசல் கூடினால் புகைவெப்பம் ஏறி, ஹெட்டும் பிஸ்டனும் வெடிக்கும். டீசல் விலை 2024 ஜூனில் ஒரே நாளில் லிட்டருக்கு 3.35 வெள்ளி ஆனதிலிருந்து, கறும்புகை என்பது பணத்தைக் கொளுத்துவதும்தான்.

இன்ஜினுக்கு வெளியே உள்ளவற்றை வேகமாக முடித்துவிடுவார்கள். மிதியடி சுருண்டு மிதியை முழுதாக இறங்கவிடாமல் செய்கிறதா, ஆக்சிலேட்டர் கேபிள் பம்பின் கடைசி ஸ்டாப் வரை இழுக்கிறதா, ஓடி வந்ததும் எந்தச் சக்கரக் குடம் சுடுகிறது, இன்ஜின் சுற்று ஏறியும் வண்டி நகராமல் கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்ப்பார்கள். டயரையும் கேட்பார்கள். 7.50-16க்குப் பதில் 35 அங்குல டயர் போட்டால் கியர் சுமார் 10 விழுக்காடு கனத்துவிடும். பிறகு இன்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை. லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் ஹை, லோ ரேஞ்சை மாற்றும் டிரான்ஸ்ஃபர் கேஸில் பல்சக்கர விகிதம் ஹை 1.41, லோ 3.32; எண் கூடினால் இழுவை கூடும். சேற்றில் ஹையிலேயே ஏற்றிவிட்டு "இழுக்கவில்லை" என்று வரும் வண்டிகளும் உண்டாம்.

வால்வையும் பம்பையும் இன்ஜின் சுற்றோடு ஒத்து ஓட்டும் டைமிங் பெல்ட் ஒரு பல் தவறி மாட்டியிருந்தால் காலையில் வெண்புகை, கஷ்டமான ஸ்டார்ட், மந்தமான இழுவை மூன்றும் சேர்ந்து வரும். பெல்ட் மாட்டும்போது 300டிடிஐ பம்பை அசையாமல் பூட்ட 9.5 மி.மீ. ஊசியும் ஃப்ளைவீல் ஊசியும் இவர்களிடம் இருக்கின்றன, கண்ணளவில் மாட்டுவதில்லை. வால்வு இடைவெளி குளிர்ந்த இன்ஜினில் 0.20 மி.மீ. வைக்கிறார்கள். அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை இல்லாமல் இல்லை. டீசல் குழாயை இணைக்கும் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டின் செம்பு வாஷரைச் சுட்டு மறுபடி போடுகிறார்கள். ரிட்டர்ன் குழாயில் பரவாயில்லை, உறிஞ்சும் பக்கமும், டீசலைத் தெளிக்கும் நோசலுக்குக் கீழேயும் அது கூடாது. புது வாஷர் கேளுங்கள், சில வெள்ளிதான். நோசல் கழற்றினால் பழைய வாஷர் துளைக்குள்ளேயே ஒட்டியிருக்கும்; அதை எடுக்காமல் மேலே புதியதை வைத்தால் நோசல் முனையின் உயரம் மாறிவிடும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது. இன்டர்கூலர் ஹோஸுக்குச் சாதாரண திருகுக் கிளிப்தான் போடுகிறார்கள், சேற்றில் ஒரு பருவம்கூடத் தாங்காது. டி-போல்ட் கிளிப்பை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.

லிஃப்ட் பம்ப் வாங்கும்போது இரண்டு விலை சொல்வார்கள். மலிவானதில் கை லீவர் தொளதொளவென்று இருக்கும், டயாஃப்ரம் சீக்கிரம் கிழியும். கிழிந்தால் டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கும்; ஆயில் அளவு தானாக ஏறி டீசல் வாடை வந்தால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். மாட்டிய பிறகு ஏர் எடுக்கும்போது (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது) லீவரில் பிடிப்பே இல்லை என்றால் பம்ப் கெட்டது என்று நினைக்காதீர்கள், லிஃப்ட் பம்பைத் தள்ளும் கேம் உச்சியில் நிற்கிறது. இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடித்தால் பிடிக்கும். பில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை அடித்து, இறுக்கிவிட்டுத்தான் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும்.

இன்ஜெக்ஷன் பம்பைச் சோதித்துச் சரிசெய்யும் பம்ப் பெஞ்ச் இங்கே கிடையாது. உண்மையிலேயே பம்ப் போயிருந்தால் ஈப்போவுக்குப் போகும், ஒரு வாரம் வண்டி இல்லை. கொட்டகை இரண்டு வண்டிக்குத்தான், மழைக்காலத்தில் வரிசை நீளும். ரசீது கேட்டால் கையெழுத்தில் தருவார்கள். பணம் ரொக்கம் அல்லது டூயிட்நவ் (கைபேசி வழிப் பணம்). முன்கூட்டிச் சொல்லிவிட்டு, தொட்டியில் பாதிக்கு மேல் டீசலோடு, காலை எட்டு மணிக்குள் போனால் அன்றைக்கே மேடு ஏற்றிப் பார்த்துவிடுவார்கள். மதியத்துக்கு மேல் மழை வந்தால் அந்த மண் ஏற்றத்தில் யாரும் வண்டி விடுவதில்லை.