மோட்டார்ஹோமின் ஹவுஸ் பேட்டரி: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

தங்கிப் பயணிக்கும் வசதியுள்ள வண்டியான மோட்டார்ஹோமில் என்ஜினைக் கிளப்பும் பேட்டரி முன்பக்கத்தில் தனியாக இருக்கும். தங்கும் பகுதியின் விளக்கு, குளிர்பெட்டி, நீர் பம்பு, இன்வெர்ட்டர் ஆகியவற்றுக்கு மின்சாரம் தரும் ஹவுஸ் பேட்டரியோ பெரும்பாலும் கட்டிலுக்கு அடியிலோ இருக்கைப் பெட்டிக்குள்ளோ இருக்கும். அதாவது, அதன்மேல்தான் நாம் படுத்து உறங்குகிறோம். எத்தனை மணி நேரம் தாங்கும், எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற கேள்விகளைவிட, கோளாறு வரும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்பதையே நான் முதலில் பார்த்ததற்குக் காரணம் அதுதான். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி அளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இரண்டை இணையாகப் பொருத்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நிறைகுறை இரண்டும் இப்போது தெளிவாகத் தெரிந்துவிட்டதால், நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல், பொருளை மட்டும் எடைபோட்டு எழுதுகிறேன்.

இதற்கு முன் அதே இடத்தில் ஏஜிஎம் எனப்படும் மூடிய ஈய-அமில பேட்டரிகள் இரண்டு இருந்தன. அவற்றைப் பழைய தொழில்நுட்பம் என்று இகழ எனக்கு மனமில்லை. ஆனால் ‘பழையது, ஆகவே ஆபத்தில்லாதது’ என்ற நம்பிக்கை எனக்கு ஓரிரவில் கலைந்தது. கரண்டில் இணைத்துவிட்டுப் படுத்திருந்தபோது அழுகிய முட்டை நாற்றம் வந்தது. கழிவுநீர்த் தொட்டிதான் என்று எண்ணி அதைக் கிளறிக்கொண்டிருந்தேன். பிறகுதான் கட்டிலடிப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பேட்டரி கைவைக்க முடியாத சூட்டில், பக்கவாட்டில் உப்பிப்போயிருந்தது. அதன் ஆறு மின்கல அறைகளில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தது. 14.4 வோல்ட் தரும் சார்ஜருக்கு இது தெரியாது. ஆறு அறைகளுக்கு ஆளுக்கு 2.4 வோல்ட் வீதம் போகவேண்டியது, ஐந்து அறைகளுக்கு 2.88 வோல்ட் வீதம் போய்க்கொண்டிருந்தது. மிகைச் சார்ஜில் அமிலக்கரைசலின் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினால் ஒரு சிறு தீப்பொறியே வெடிப்புக்குப் போதும். நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சுவாயு. அளவு கூடினால் அது மூக்கின் நுகரும் திறனையே மழுங்கடித்துவிடும் என்பதால், நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதி அடைவதும் தவறு. சார்ஜரை நிறுத்திக் கதவுகளைத் திறந்துவிட்டு, வெகுநேரம் வெளியே காத்திருந்தோம். மூடிய வகை ஈய-அமில பேட்டரியாக இருந்தாலும், அதை வெளிக்காற்றுக்குக் குழாய் வைத்த தனிப்பெட்டியில் வைக்கவேண்டும் என்ற விதி ஏன் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் முழுமையாகப் புரிந்தது.

லித்தியம் என்றவுடன் பலருக்கும் தீப்பற்றிய கைப்பேசிகளின் படங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் லித்தியம் பேட்டரி என்பது ஒரே பொருளன்று. கைப்பேசியிலும் பல மின்கார்களிலும் உள்ள கோபால்ட், நிக்கல் கலந்த வகைகளில், பேட்டரிக்குள் இருக்கும் மின்கலம் அளவுக்கு மீறிச் சூடானால் நேர்மின்முனைப் பொருளே ஆக்சிஜனை விடுவிக்கிறது. எரியும் பொருளும் ஆக்சிஜனும் ஒரே உறைக்குள் சேர்ந்துவிடுவதால் அந்தத் தீயை அணைப்பது கடினம். 1997-இல் ஜான் குடினஃபின் ஆய்வுக்குழு வெளியிட்ட இரும்பு பாஸ்பேட் வகையில், பாஸ்பரசுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு மிக வலுவானது. அதனால் ஆக்சிஜன் எளிதில் பிரியாது. சூடு தானாகப் பெருகும் நிலைக்குப் போவதற்கும் கூடுதல் வெப்பம் வேண்டும். இந்த அளவில் வேதியியல் நம் பக்கம் நிற்கிறது. அதற்காக விளம்பரங்களில் ‘தீப்பற்றவே பற்றாது’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். உள்ளே இருக்கும் மின்பகு திரவம் எரியக்கூடிய கரிமக் கரைப்பானே. மின்கலம் கெட்டு வாயுவைக் கக்கினால் அதிலும் ஹைட்ரஜன் இருக்கும், மூடிய வண்டிக்குள் அதுவும் வெடிக்கும் வாயுதான்.

‘லித்தியம் அயான்’ என்று மட்டும் அச்சிட்டு வகையைச் சொல்லாமல் விற்கப்படும் பெட்டிகளும் உண்டு. அவற்றைக் கண்டறிய ஓர் எளிய கணக்கு இருக்கிறது. இரும்பு பாஸ்பேட் மின்கலம் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.2 வோல்ட் என்பதால், நான்கைத் தொடராக இணைத்தால் 12.8 வரும். பெட்டியின்மேல் 11.1 என்றோ 14.8 என்றோ இருந்தால் உள்ளே இருப்பவை 3.7 வோல்ட் மின்கலங்கள், அதாவது வேறு வகை. அதைக் கட்டிலடியில் வைக்க நான் விரும்பமாட்டேன்.

வேதியியலைத் தேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் நானும் முதலில் ஏமாந்தேன். ஒரே வகை மின்கலங்களைக் கொண்ட இரண்டு பேட்டரிகளை வேறுபடுத்துவது, உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்னும் மேலாண்மைச் சுற்றுப் பலகைதான். ஒவ்வொரு மின்கலத்தின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே பார்த்து, 3.65 வோல்ட்டைத் தாண்டினால் சார்ஜை நிறுத்துவதும், 2.5 வோல்ட்டுக்கு இறங்கினால் வெளியேற்றத்தை நிறுத்துவதும், மிகை மின்னோட்டம், ஷார்ட் சர்க்யூட், வெப்பம் ஆகியவற்றைக் கவனிப்பதும் அதன் பணி. இவற்றுள் மலிவான பேட்டரிகளில் அடிக்கடி விடுபடுவது குளிர்ப் பாதுகாப்பு. உறைநிலைக்குக் கீழே இந்த வகை மின்கலத்தைச் சார்ஜ் செய்தால், லித்தியம் எதிர்மின்முனைக்குள் புகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். இழந்த கொள்ளளவு திரும்பாது. படிவு வளர்ந்தால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகும் வாய்ப்பும் பிறக்கும். சேதம் வெளியே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை.

நான் முதலில் வாங்கிய லித்தியம் பேட்டரியின் உறையில் குறைந்த வெப்பநிலைப் பாதுகாப்பு உண்டு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பேட்டரியை ஒரு நாள் முழுவதும் உறைபெட்டியில் வைத்து, உள்வரை குளிர்ந்தபின் வெளியே எடுத்து, மிகக் குறைந்த மின்னோட்டத்தில் சார்ஜரை இணைத்துப் பார்த்தேன். ஒரு மறுப்பும் இல்லாமல் சார்ஜை ஏற்றுக்கொண்டது. சில நொடிகளில் சார்ஜரைக் கழற்றிவிட்டு, அந்தப் பேட்டரியைத் திருப்பி அனுப்பினேன். இரண்டு முறை விவாதித்த பிறகே விற்றவர் பணத்தைத் திருப்பித் தந்தார். இப்போது உள்ளவற்றை அதே சோதனைக்கு உட்படுத்தியபோது, சார்ஜ் மின்னோட்டம் மின்கலங்களுக்குப் போகாமல், உள்ளே இருக்கும் வெப்பத்தகட்டுக்குத் திருப்பப்பட்டது. மின்கலங்கள் 5 டிகிரி செல்சியசைத் தாண்டிய பிறகே சார்ஜ் ஏறத் தொடங்கியது. இந்த ஒரு காரணத்துக்காகவே இவற்றுக்கு நான் நல்ல மதிப்பெண் தருவேன்.

இருப்பினும் பி.எம்.எஸ்.-ஐக் கடைசிக் காவலாகத்தான் கொள்ளவேண்டும். மின்னோட்டத்தைத் துண்டிப்பவை மாஸ்ஃபெட் எனப்படும் குறைகடத்திச் சுவிட்சுகள்; அவை கெடும்போது பெரும்பாலும் மூடிய நிலையில்தான் கெடும், அதாவது துண்டிக்கவேண்டிய நேரத்தில் துண்டிக்காது. ஆகவே சார்ஜர், சூரியத்தகட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகிய இரண்டையும் 14.2 வோல்ட்டில் நிறுத்தியிருக்கிறேன். ஈய-அமில பேட்டரிக்கென உள்ள சமன்செய்யும் சார்ஜ் நிலையை, அது தானாக 15 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடியது என்பதால், முற்றிலும் அணைத்துவிட்டேன். பேட்டரியை மட்டும் மாற்றிப் பழைய சார்ஜரை அப்படியே விட்டுவைப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் கதையும் இதைப் போன்றதே. ஈய-அமில பேட்டரி, சார்ஜ் ஏற ஏற, வாங்கும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். உட்தடை மிகக் குறைந்த லித்தியமோ ஏறத்தாழ நிறையும்வரை கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது குளிர்விக்கும் விசிறி மெதுவாகச் சுற்ற, ஆல்டர்னேட்டர் முழுச் சுமையில் கருகிவிடக்கூடும். நடுவில் பி.எம்.எஸ். சட்டென்று துண்டித்தால் மின்னழுத்தம் எகிறி டையோடுகளைப் பதம்பார்க்கும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: என்ஜின் பக்கத்துக்கும் ஹவுஸ் பேட்டரிக்கும் இடையே மின்னோட்டத்தை வரம்பிடும் டிசி-டிசி சார்ஜர். நான் 30 ஆம்பியர் அளவுள்ளதைப் பொருத்தினேன். நேரடி ரிலே மூலம் இணைத்துக்கொள்ளலாம் என்று பேட்டரியின் கையேட்டில் எழுதியிருப்பதை என்னால் பாராட்ட இயலவில்லை.

கையேட்டின் இன்னொரு பெரிய குறை, ஃபியூஸைப் பற்றி அது ஒரு வரிகூடச் சொல்லாதது. ஷார்ட் ஆனால் லித்தியம் பேட்டரி சில ஆயிரம் ஆம்பியர் மின்னோட்டத்தைக் கக்கும். அந்த வேகத்தில் சாதாரண ஃபியூஸின் இழை உருகினாலும், இடைவெளியில் மின்வில் தொடர்ந்து எரிந்து சுற்று அறுபடாமலே போகலாம். ஃபியூஸின்மேல் எழுதியிருக்கும் 200 ஆம்பியர் என்பது அது உருகும் அளவைச் சார்ந்த எண். எவ்வளவு பெரிய மின்னோட்டத்தை அதனால் அறுக்க முடியும் என்பது வேறு எண். டி (T) வகுப்பு ஃபியூஸ்கள் 20,000 ஆம்பியர் வரை அறுக்கும் திறன் கொண்டவை என்பதால், ஒவ்வொரு பேட்டரியின் நேர்முனைக்கும் ஒரு சாண் தூரத்துக்குள் ஒன்றைப் பொருத்தினேன். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் இடைப்பட்ட கம்பிக்கு யாரும் காவல் இல்லை; அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

தொடர்ந்து 100 ஆம்பியர் தரும் என்று ஒவ்வொரு பேட்டரிக்கும் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதைத் தரவும் செய்கின்றன. ஆனால் இரண்டை இணைத்தால் 200 என்று கணக்கிட்டு 2000 வாட் இன்வெர்ட்டரை மாட்டுவது விவேகமன்று. இணைப்புக் கம்பிகளின் நீளத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் சுமை சமமாகப் பிரியாது. ஒன்று வரம்பை மீறித் துண்டித்துக்கொண்டால் முழுச் சுமையும் மற்றதன் தலையில் விழுந்து அதுவும் துண்டித்துக்கொள்ளும். நான் 1500 வாட்டோடு நிறுத்திக்கொண்டேன். இழப்பையும் சேர்த்து அது ஏறக்குறைய 130 ஆம்பியர். நேர்முனைக் கம்பியை ஒரு பேட்டரியிலிருந்தும் எதிர்முனைக் கம்பியை மற்றதிலிருந்தும் எடுத்திருப்பதாலும், இணைப்பதற்கு முன் இரண்டையும் தனித்தனியே முழுமையாகச் சார்ஜ் செய்ததாலும், இன்றுவரை இரண்டும் ஒத்தே இயங்குகின்றன.

அந்த 130 ஆம்பியர் போகும் வழியில் ஒரு மில்லி ஓம் தடையுள்ள தளர்ந்த இணைப்பு இருந்தால், அந்தப் புள்ளியில் மட்டும் ஏறத்தாழ 17 வாட் வெப்பம் உண்டாகும். சிறிய சால்டரிங் அயர்னின் சூடு அது. ஓடும் வண்டியின் அதிர்வில் போல்ட்டுகள் தளர்வது இயல்பு என்பதை மனத்தில் கொண்டு, முதல் மாதம் கழித்து முறுக்கு அளவிடும் ஸ்பேனரால் சோதித்தேன். நான்கில் ஒன்று தளர்ந்திருந்தது. பேட்டரியில் கோளாறு என்று சொல்லப்படும் தீவிபத்துகளில் எத்தனை உண்மையில் இப்படிப்பட்ட ஒரு போல்ட்டிலிருந்து தொடங்கியிருக்குமோ என்ற ஐயம் எனக்கு அன்றுமுதல் உண்டு.

சான்றிதழ்களைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். யு.என். 38.3 என்பது போக்குவரத்துக்கான சோதனைத் தொகுதி. உயரம், வெப்பம், அதிர்வு, மோதல், ஷார்ட், நசுக்கல், மிகைச் சார்ஜ், கட்டாய வெளியேற்றம் ஆகியவற்றை அது பார்க்கிறது. அனுப்பிவைக்கத் தகுதியானது என்பதற்கு அது சான்றே தவிர, பல ஆண்டுகள் வண்டியில் இருப்பதற்கு அது மட்டும் போதாது. ஐ.இ.சி. 62619 போன்ற தரம், ஒரு மின்கலம் கெட்டால் அது பக்கத்து மின்கலங்களுக்குப் பரவிப் பெருந்தீயாகிறதா என்ற கேள்வியையும் எழுப்புகிறது. சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள மாதிரி எண் பேட்டரிக்குரியதா அல்லது உள்ளிருக்கும் மின்கலத்துக்கு மட்டும் உரியதா என்று நான் பார்த்தேன். திருப்பி அனுப்பிய முதல் பேட்டரியின் சான்றிதழ் மின்கலத்துக்கு மட்டுமே உரியது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

எடை ஒரு பெரிய ஆதாயம். 60 கிலோவுக்கு நெருக்கமாக இருந்த பழைய இரட்டையின் இடத்தில் இப்போது சுமார் 24 கிலோ. பழையவற்றில் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்று அஞ்சவேண்டியிருந்தது. இவற்றில் பெரும்பகுதியைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் மின்னழுத்தத்தைப் பார்த்து இருப்பைச் சொல்லும் பழைய பழக்கத்தைக் கைவிடவேண்டும். பெரும்பகுதி நேரம் 13.2 வோல்ட்டுக்கு அருகிலேயே நின்றுவிட்டுக் கடைசியில் திடீரென்று சரிவது இந்த வகையின் குணம் என்பதால், போன ஆம்பியரையும் வந்த ஆம்பியரையும் எண்ணும் ஷண்ட் மீட்டர் இல்லாமல் இருப்பை அறிய முடியாது. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும்போது பாதிச் சார்ஜில் வைத்து இணைப்பைக் கழற்றிவிடுகிறேன். முழுச் சார்ஜும் கடும் வெயிலும் சேர்ந்தால் மின்கலங்கள் விரைவில் மூப்படையும்.

குறைகளில் இரண்டு எனக்கு இன்னும் உறுத்துகின்றன. புளூடூத் வழியாகக் கைப்பேசியில் ஒவ்வொரு மின்கலத்தின் நிலையையும் பார்க்க முடிவது மிகப் பயனுள்ளது; ஆனால் அதற்குக் கடவுச்சொல் இல்லை. அதே செயலியை வைத்திருக்கும் எவரும் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு என் பேட்டரியின் வெளியேற்றத்தை அணைத்துவிடலாம், உள்ளே இருக்கும் எனக்கு விளக்கு ஏன் அணைந்தது என்றே தெரியாது. உற்பத்தியாளருக்கு எழுதியதற்கு, அடுத்த பதிப்பில் சேர்ப்போம் என்று பதில் வந்தது. அடுத்த பதிப்பும் வந்துவிட்டது, கடவுச்சொல் வரவில்லை. மற்றொன்று, உறையைத் திருகாணியால் பூட்டாமல் பசையால் ஒட்டியிருப்பது. மின்கலங்கள் நல்ல நிலையில் இருந்து பி.எம்.எஸ். பலகை மட்டும் கெட்டால், உறையை அறுக்காமல் அதை மாற்ற வழியில்லை. உத்தரவாதக் காலம் முடிந்தபின் அப்படி அறுக்கத் துணிபவர், உள்ளே நான்கு மின்கலங்களும் உயிரோடு இருக்கின்றன என்பதை அறிந்து, கையில் ரப்பர் உறையோடும் காப்பிட்ட கருவிகளோடும் மட்டுமே துணியவேண்டும்.