அரை மீட்டர் தொலைவில் ஒரு சிலந்தி: அண்மைக் குவிய இருநோக்கி பற்றி

பெரும்பாலான இருநோக்கிகள் (பைனாகுலர்கள்) ஓரிரு மீட்டருக்குள் இருக்கும் எதையும் தெளிவாகக் காட்டுவதில்லை என்பதால், அரை மீட்டரிலேயே குவியும் இச்சிறு கருவியைப் பூச்சிகளைப் பார்ப்பதற்கென்றே வாங்கினேன். 6.5 மடங்கு உருப்பெருக்கமும் 21 மி.மீ. விட்டமுள்ள முகப்பு வில்லைகளும் (பொருளை நோக்கியிருக்கும் வில்லைகள்) கொண்டது. அண்மையில் குவிக்கும்போது முகப்பு வில்லைகள் ஒன்றையொன்று நெருங்குவதால், இரு கண்களிலும் காட்சி பிரியாமல் ஒன்றாகவே தெரிகிறது.

இதன் அருமையை வட்டவலைச் சிலந்தி ஒன்று உணர்த்தியது. வலை பின்னும்போது முதலில் போட்ட தற்காலிகச் சுருள் இழையைக் கழற்றிக்கொண்டே, ஒட்டும் இழையைப் பின்காலால் இழுத்து வலையின் நடுவிலிருந்து விரியும் ஒவ்வோர் ஆர இழையிலும் தொட்டு ஒட்டி, முந்தைய சுற்றுக்கான இடைவெளியைக் கால்களாலேயே அளந்து அது நகர்ந்ததை, அதன் வேலைக்குச் சற்றும் இடையூறு செய்யாமல் முழுவதுமாகப் பார்க்க முடிந்தது. கைவில்லையால் இது இயலாது. பத்து மடங்கு கைவில்லையைப் பொருளிலிருந்து சுமார் 2.5 செ.மீ. தொலைவில் பிடிக்க வேண்டும், அதற்குள் பூச்சி மிரண்டுவிடும்.

குறைகளும் உண்டு. கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம் ஏறத்தாழ 3.2 மி.மீ. மட்டுமே என்பதால் அந்திப்பொழுதில் காட்சி மங்குகிறது. அண்மையில் தெளிவாகத் தெரியும் ஆழமும் மிகக் குறைவு. இலை சற்று அசைந்தாலும் மீண்டும் குவிக்க வேண்டியிருக்கிறது. முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி அமர்ந்தால் நடுக்கம் பெருமளவு குறைகிறது. நெடுநேரம் பார்ப்பவர்கள் முக்காலியில் பொருத்திக்கொள்வது நல்லது.