கிலோவா, மூணு மடங்கா, ஸ்லைஸா, மணிக்கணக்கா: வீட்ல செய்ற கேக்குக்கு எந்த ரேட் நியாயம்?

கேக் மேல வைக்கிற சுகர் ரோஸ், அதாவது சர்க்கரையில செய்ற ரோஜா, ஒண்ணு செய்ய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு ஒருநாள் ஃபோன்ல டைமர் போட்டுப் பாத்தேன், 25 நிமிஷம். நடு மொட்டை கம்பியில சொருகி, கம் பேஸ்ட்டை (காஞ்சா கெட்டியாகிற சர்க்கரை மாவு) கண்ணாடி மாதிரி மெல்லிசா தேச்சு, இதழ் வெட்டி, ஓரத்தை உருண்டை முனை இருக்கிற பால் டூல் வச்சு அழுத்தி லேசா சுருட்டி, ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டி முடிக்கிற கை வேலைக்கு மட்டும்தான் இந்த 25, காயுற நேரமெல்லாம் தனி. அன்னைக்கு செஞ்ச கேக்ல 12 ரோஸ், அப்போ பூவுக்கே 5 மணி நேரம் போயிடுச்சு. கொடுமை என்னன்னா அந்த கேக்கை நான் கிலோ ரேட்ல ஒத்துக்கிட்டிருந்தேன். 12 ரோஸையும் தராசுல வச்சா மிஞ்சிப்போனா ஒரு 200 கிராம் வரும். ராத்திரி ஒரு மணி வரைக்கும் கண்ணு முழிச்ச வேலைக்கு 200 கிராம் கேக்கோட காசு!

அன்னைக்கு உக்காந்து எல்லாக் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாத்தேன். ரெண்டு கேக்கை எடுத்துக்குவோம். முதல் கேக் 8 இஞ்ச் வட்டம், 4 இஞ்ச் உயரம், சாக்லேட் கேக், மேல கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சு), சும்மா ஓரத்துல கிரீமைப் பிழிஞ்சு ஒரு பைப்பிங், எடை 2 கிலோ, கை வேலை மூணரை மணி நேரம். ரெண்டாவது 6 இஞ்ச், அதே உயரம், ஃபாண்டன்ட் (சப்பாத்தி மாதிரி தேய்க்கிற சர்க்கரை மாவு) போத்தி மேல அந்த 12 ரோஸ், எல்லாம் சேத்து ஒன்றரை கிலோ, கை வேலை 9 மணி நேரம். ஒவ்வொருத்தர் ஊர்லயும் விலைவாசி வேற வேறங்கிறதால காசுக்கு பேர் வைக்கல, ஒரு மணி நேரக் கூலி 100னு வச்சுக்குவோம். பொருள் செலவு முதல் கேக்குக்கு 300, ரெண்டாவதுக்கு 250. உங்க நம்பரைப் போட்டு மாத்திக்கோங்க.

முதல்ல கிலோ கணக்கு. இதுல ஒரே ஒரு சௌகரியம், கேக்குறவங்களுக்கு உடனே புரியும், பேசி முடிக்க ரெண்டு நிமிஷம் போதும். கிலோவுக்கு 400னா முதல் கேக் 800, ரெண்டாவது 600. பொருள் காசைக் கழிச்சா முதல் கேக்ல மணிக்கு 143 நிக்குது, ரெண்டாவதுல மணிக்கு 39. கஷ்டமான கேக்குக்கு கம்மி கூலி, இது தலைகீழா இல்ல?

இன்னொரு கோளாறு இருக்கு, இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. 6 இஞ்ச்ல இருந்து 8 இஞ்ச் போனா உயரம் அதேதான்னாலும் கேக்கோட அளவு 78 சதவீதம் கூடிடும், ஆனா மேலயும் சுத்தியும் கிரீம் பூச வேண்டிய பரப்பு வெறும் 45 சதவீதம்தான் கூடும். மாவு கலக்குறது, டின்னுக்கு பேப்பர் வெட்டுறது, பாத்திரம் கழுவுறது இதெல்லாம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால சின்ன கேக்ல ஒரு கிலோவுக்கு விழுற உழைப்பு எப்பவுமே ஜாஸ்தி, கிலோ ரேட் போட்டா ஒவ்வொரு சின்ன கேக்கும் நம்ம கையைக் கடிக்கும், பெரிய கேக் வாங்குறவங்க அந்த நஷ்டத்தை அவங்களுக்கே தெரியாம சுமப்பாங்க. எடைங்கிறதே ஒரு மாதிரியான அளவுகோல்தான், ஏன்னா நல்லா காத்து ஏறின ஸ்பாஞ்ச் லேசா இருக்கும், வெண்ணெய் நிறைய போட்ட பவுண்ட் கேக் கனமா இருக்கும். ஸ்பாஞ்ச் நல்லா உப்பி வர்றதுக்கு முட்டையை அவ்ளோ நேரம் அடிச்சவங்களுக்கு தராசு குடுக்குற பரிசு கம்மி காசு. ஃபாண்டன்ட் இதுக்கு நேர் எதிர், அந்த 6 இஞ்ச் கேக்கைப் போத்தவே அரை கிலோ பக்கம் ஆகும், சாப்பிடுறவங்கள்ல பாதி பேர் அதைப் பிச்சு தட்டு ஓரத்துல வச்சுட்டுத்தான் கேக்கையே சாப்பிடுறாங்க, ஆனா எடைக்கு எடை காசு வாங்கியாச்சு. இது வாங்குறவங்களுக்கு நியாயம் இல்ல.

அடுத்தது பொருள் செலவை மூணால பெருக்குறது. புதுசா ஆரம்பிக்கிற எல்லாருக்கும் யாராவது ஒருத்தர் இதைத்தான் சொல்லிக் குடுப்பாங்க. முதல் கேக் 900, ரெண்டாவது 750. கிலோ கணக்கை விட பரவால்ல, ஆனா வியாதி அதேதான், ரெண்டாவது கேக்ல மணிக்கு 56 கூட முழுசா தேறல. ஒரு நாளைக்கு நூறு தட்டு போற சமையலறையில, ஒரே ஐட்டத்தைத் திரும்பத் திரும்ப செய்ற இடத்துல இந்த மூணு மடங்கு ஓரளவு நிக்கும், ஏன்னா அங்க ஒரு தட்டுக்கு ஆகுற நேரம் பெருசா மாறாது. நம்மகிட்ட வர்ற ஒவ்வொரு கேக்கும் வேற வேற தலைவலி.

இதுல இன்னொரு கூத்து பாருங்க. கோகோ விலை 2022 கடைசியில உலகச் சந்தையில ஒரு டன் 2,500 டாலர் பக்கம் இருந்துச்சு, 2024 டிசம்பர்ல 12,000 டாலரைத் தாண்டிடுச்சு. அந்த ஏத்தம் அப்படியே நம்ம சாக்லேட் பாக்கெட்டுக்கு வரல, ஆனா வந்த வரைக்கும் பாத்தா, பொருள்ல 50 ஏறினா மூணு மடங்கு கணக்குல கேக் விலை 150 ஏறும். அதிகமா நான் என்ன வேலை செஞ்சேன்? ஒண்ணுமே இல்ல. வெண்ணெய் விலை இறங்கினா என் கூலியும் சேந்து இறங்கும், அதுவும் ஏன்? என் கைக்கும் வெண்ணெய் விலைக்கும் என்ன சம்பந்தம்னு யாராவது சொன்னா நல்லா இருக்கும்.

ஸ்லைஸ் கணக்கு, அதாவது எத்தனை பேர் சாப்பிடலாம்னு பாத்து ஆளுக்கு இவ்ளோன்னு வாங்குறது. இது எனக்குப் பிடிக்கும். 4 இஞ்ச் உயர கேக்ல 1 இஞ்சுக்கு 2 இஞ்ச்னு துண்டு போட்டா 6 இஞ்ச் வட்டத்துல சுமார் 12, 8 இஞ்ச்ல 24, 10 இஞ்ச்ல 38 வரும். கொஞ்சம் தாராளமா வெட்டினா அதுக்கேத்த மாதிரி குறையும், அதனால துண்டு எவ்ளோ பெருசுங்கிறதை முன்னாடியே சொல்லிடணும், இல்லன்னா "24 பேருக்குன்னு சொன்னீங்களே, 15 பேருக்குத்தான் வந்துச்சு"ன்னு ஃபோன் வரும். சதுர டின்னுக்கும் இதே எச்சரிக்கை, 8 இஞ்ச் சதுரத்துல 8 இஞ்ச் வட்டத்தை விட 27 சதவீதம் கேக் அதிகம், பேருக்கு ரெண்டும் எட்டு இஞ்ச்தான். வாங்குறவங்க பக்கம் இருந்து பாத்தா இதுதான் நேர்மையான அளவு, அவங்களுக்கு வேண்டியது எத்தனை பேர் வாயில போகும்ங்கிறதுதானே. ஆனா அலங்காரம்னு வந்துட்டா இது சுத்தமா படுத்துக்கும். ஸ்லைஸ் 35னா முதல் கேக் 840, ரெண்டாவது 420, மணிக்கு 19 கூட வரல!

பக்கத்துல இன்னொருத்தர் என்ன வாங்குறாங்கன்னு பாத்து அதுல பத்து கம்மி பண்றது ஒரு முறையான்னே எனக்கு சந்தேகம். அவங்க அவங்களோட நஷ்டத்தையே ரேட்டா போட்டு வச்சிருக்கலாம், நாம அதுக்கும் கீழ போறோம். நம்ம கணக்கு முடிஞ்சதும் கடைசியா ஒரு தடவை எட்டிப் பாக்க மட்டும் வச்சுக்கலாம்.

இப்போ மணிக்கணக்கு. பொருள், கூடவே கை வேலைக்கு கூலி, அந்த ரெண்டையும் கூட்டினதுல 10 சதவீதம் இதர செலவு, வர்ற மொத்தத்து மேல 15 சதவீதம் லாபம். முதல் கேக் 300 கூட்டல் 350, இதரத்தோட 715, லாபத்தோட 822. ரெண்டாவது 250 கூட்டல் 900, இதரத்தோட 1265, லாபத்தோட 1455. இந்த ரெண்டு நம்பரையும் மத்த கணக்கோட வச்சுப் பாத்தப்பதான் எனக்கு உறைச்சுது: சாதா கேக்குக்கு நாலு கணக்கும் 800, 900, 840, 822ன்னு கிட்டத்தட்ட ஒரே இடத்துல நிக்குது, டிசைன் கேக்குக்கு 600, 750, 420, 1455ன்னு ஆளுக்கொரு பக்கம் ஓடுது. அதனாலதான் சாதா கேக் மட்டும் செய்றவங்க "கிலோ கணக்கே போதும், எனக்கு நல்லாத்தான் போகுது"ன்னு சொல்றாங்க, அவங்க பொய் சொல்லல.

கூலியையும் லாபத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க. கூலி நான் நின்ன நேரத்துக்கு, லாபம் மிக்ஸர் மோட்டார் புகைஞ்சா புதுசு வாங்க, கேக் நடுவுல அமுங்கிப் போய் திரும்ப சுட வேண்டிய நாளுக்கு. சதவீதத்துலயும் ஒரு பொறி இருக்கு, செலவு மேல 25 சதவீதம் ஏத்தினா விலையில லாபம் 20 சதவீதம்தான், 80க்கு ஆனதை 100க்கு விக்கிறோம் அவ்ளோதான். நான் ரொம்ப நாள் அதை 25னே நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

நேரத்துல எதையெல்லாம் சேக்குறதுங்கிறதுலதான் சண்டையே. கேக் ஓவன்ல இருக்கிற 40 நிமிஷம் நான் துணி மடிச்சுக்கிட்டு இருந்தா அதை எழுத மாட்டேன், ஆனா பாத்திரம் கழுவுறது, பொருள் வாங்கப் போறது, "அந்த பிங்க் இன்னும் கொஞ்சம் லைட்டா, இல்ல இல்ல டார்க்கா"ன்னு போட்டோ போட்டு போட்டு பேசுறது இதெல்லாம் நேரம்தான், சேத்துத்தான் ஆகணும். ஒரு நோட்டு எடுத்து பத்து கேக்குக்கு ஆரம்பிச்ச நேரம் முடிச்ச நேரம் எழுதிப் பாருங்க, மனசுல நினைச்சதை விட ஜாஸ்தியா வரும். இதர செலவுல எல்லாரும் கரண்ட்டுக்குத்தான் பயப்படுவாங்க, 2,000 வாட் ஓவன் ஒரு மணி நேரம் ஓடினா அதிகபட்சம் 2 யூனிட், சூடு ஏறினதும் விட்டு விட்டு எரியறதால அதைவிடக் கம்மிதான். உண்மையில காசைத் தின்னுறது கேக் போர்டு, பெட்டி, அடுக்கு கேக்குக்கு உள்ள நிக்கிற குச்சி, பைப்பிங் பை, இந்த மாதிரி சில்லறைங்கதான். அப்புறம் இந்த ஒரு கேக்குக்காகவே வாங்கின கலர் டப்பா, அதுல ரெண்டு சொட்டுதான் போட்டேன்னாலும் முழு டப்பா காசையும் இதுலயே போடுவேன், மீதி அலமாரியில காயத்தான் போகுதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

மணிக்கணக்குலயும் ஓட்டை இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். கை வேகம் கம்மியா இருக்கிறவங்க அதிகம் வாங்குறாங்க, நாலு வருஷம் பழகி அதே ரோஸை 12 நிமிஷத்துல முடிக்கிறவங்க கம்மியா வாங்குறாங்க, இது எந்த ஊர் நியாயம்? நான் பிடிச்சிருக்கிற வழி, ஒரு டிசைனை முதல் தடவை செய்யும்போது ஆகுற நேரத்தை வாங்குறதில்ல, மூணாவது தடவை எவ்ளோ ஆகும்னு கணிச்சு அதுக்குத்தான் வாங்குறேன், நான் கத்துக்கிற செலவு என்னோடது. வேகம் கூடிட்டா மணிக்கூலியை ஏத்திக்கிறேன், நேரம் குறைஞ்சதுக்கு தண்டனையா காசு குறையக் கூடாதில்ல.

வாங்குறவங்ககிட்ட இந்த மணிக்கணக்கை அப்படியே நீட்டினா வேலைக்காகாது, "ஒரு கேக்குக்கா 9 மணி நேரம்"னு அங்கேயே வாக்குவாதம் ஆரம்பிச்சுடும். அதனால உள்ள நோட்டுல மணிக்கணக்கு, வெளிய சொல்றது ரெண்டு வரி. கேக்கும் கிரீமும் ஸ்லைஸ் கணக்குல ஒரு விலை, அலங்காரம் தனியா ஒரு விலை. டெலிவரி இருந்தா அது மூணாவது வரி, கேக் விலைக்குள்ள ஒளிச்சு வைக்கிறதில்ல, ஏன்னா நேர்ல வந்து வாங்கிட்டுப் போறவங்க அதை எதுக்குக் குடுக்கணும். ஆர்டர் உறுதி ஆகும்போது பாதி அட்வான்ஸ், பூ வேலை ஆரம்பிச்ச பிறகு வேண்டாம்னு சொன்னா அது திரும்பாது, இதையும் முதல் மெசேஜ்லயே சொல்லிடுவேன்.

அலங்காரத்தைப் பிரிச்சு சொல்றதுல பெரிய லாபம், பேரம் பேசும்போது குறைக்க ஒரு பிடி கிடைக்குது. முன்னெல்லாம் "கொஞ்சம் பாத்து போட்டுக் குடுங்க"ன்னு கேட்டா என் கூலியிலதான் கத்தி வைப்பேன். போன வாரம் அதே ரோஸ் கேக்கை ஒருத்தங்க கேட்டாங்க, 1455ன்னதும் சத்தமே இல்ல. 12 ரோஸுக்கு பதிலா 3 சுகர் ரோஸ் மேல வைக்கிறேன், கீழ சுத்தியும் பட்டர்கிரீம்லயே ரோஸ் பைப் பண்றேன், அது ஒண்ணு ஒரு நிமிஷத்துல வந்துடும்னேன். 9 சுகர் ரோஸ் போனா மூணே முக்கால் மணி நேரம் மிச்சம், இதரமும் லாபமும் சேத்து 474 குறையும். பட்டர்கிரீம் பூவுக்குன்னு கொஞ்சம் திரும்ப ஏத்தி 1000னு முடிச்சோம், அவங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் மணிக்கு நூறு அப்படியே நின்னுச்சு, அன்னைக்கு பதினோரு மணிக்கெல்லாம் லைட்டை அணைச்சுட்டேன்.