கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலையை ஏழு வருடம் வளர்த்துப் பார்த்தேன்

எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியில் காய்கறி கொண்டுவரும் அண்ணன், நூறு ரூபாய்க்குக் காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு தண்டு கொத்தமல்லியும் கொசுறாகப் போடுவார். அப்படிச் சும்மா கிடைக்கிற பொருளுக்காக 2018 ஆகஸ்டில் நான் செலவழித்தது 4,200 ரூபாய். பைகள், தென்னைநார்க் கட்டி, மண்புழு உரம், செம்மண் இரண்டு மூட்டை, அந்த மூட்டைகளை மூன்று மாடி ஏற்றியவருக்குக் கூலி. என் கணவர் அந்தக் கணக்கை இன்றுவரை மறக்கவில்லை. "இந்தக் காசுக்கு ஆயுசுக்கும் புதினாத் துவையல் சாப்பிட்டிருக்கலாம்" என்பார். அவர் சொல்வது சரிதான். காசுக் கணக்கில் இது நஷ்டம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைத் திட்ட வேண்டாம்.

நாங்கள் இருப்பது மடிப்பாக்கத்தில், மூன்றாவது மாடியில் வாடகை வீடு. மேலே மொட்டைமாடி. ஆரம்பத்தில் எல்லோரையும் போல நானும் தக்காளி, கத்தரி, வெண்டை என்றுதான் தொடங்கினேன். ஒரு வருடத்தில் கிடைத்த வெண்டைக்காய் இரண்டு பொரியலுக்குக் காணும். மற்றவற்றைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. ஓரத்தில் சும்மா வைத்த புதினாவும் கற்பூரவல்லியும் மட்டும் கேட்பாரில்லாமல் தழைத்தன. அப்போதுதான் காய்க்கு ஆசைப்படுவதை விட்டு இலைக்கு வந்தேன்.

அடுத்த கோடையில் பெரிய சோதனை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தன. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது செடிக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? அரிசி கழுவிய தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் என்று சேர்த்து ஊற்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரையும் வீணாக்குவானேன் என்று தினமும் ஊற்றினேன். மூன்று வாரத்தில் மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது, இலை நுனிகள் கருகின. எங்கள் பகுதித் தண்ணீரே உப்பு, அதை வடிகட்டி மிஞ்சுவது இன்னும் கெட்டியான உப்பு. கொத்தமல்லியும் வெற்றிலைக் கொடியும் அப்போதே போய்விட்டன. கற்பூரவல்லிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு எதுவும் ஆகாது.

இத்தனைக்கும் அந்த இரண்டு வருடத்தில் என் சமையல் ஒன்றும் மாறிவிடவில்லை என்பதுதான் வேடிக்கை. மாடியில் புதினா மண்டிக் கிடக்கும். கீழே நான் குளிர்பதனப் பெட்டியில் வாடிப்போன கடைப் புதினாவை ஆய்ந்துகொண்டிருப்பேன். காரணம், இருபத்திரண்டு படிகள். அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு யார் மாடிக்கு ஓடுவது? 2020 ஊரடங்கில் தள்ளுவண்டி வராமல் போன நாட்களில்தான் நாலு தொட்டிகளைக் கீழே இறக்கி, சமையலறையை ஒட்டிய பால்கனியில் வைத்தேன். அடுப்பிலிருந்து எட்டு எட்டில் எட்டிவிடலாம். கிழக்கு பார்த்த பால்கனி, காலையில் மூன்று மணி நேரம் வெயில் விழும். உண்மையில் என் அனுபவம் அன்றைக்குத்தான் தொடங்கியது. மாடியில் இருந்தவரை அது தோட்டம். கீழே வந்ததும் அது அஞ்சறைப் பெட்டியில் ஒரு கிண்ணம் போல ஆகிவிட்டது.

அந்த எட்டு எட்டின் அருமை தாளிப்பில் தெரியும். கடுகு வெடித்து, உளுத்தம்பருப்பு சிவக்கத் தொடங்கும்போது போய், இளசும் இல்லாமல் முற்றலும் இல்லாமல் நடுவில் இருக்கும் ஈர்க்கைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளுவேன். கிள்ளிய இடத்திலேயே வாசனை கிளம்பிவிடும். குழாயில் ஒரு அலசு, துணியில் ஒரு ஒற்று. ஒற்றாமல் போட்டால் முகத்தில் தெறிக்கும். கடை இலை எண்ணெயில் விழுந்தால் சடசடக்கும், அவ்வளவுதான். செடியிலிருந்து வந்த இலை சடசடத்த மறுநொடி, கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் தலையைத் தூக்குவார். டப்பாவில் காகிதம் சுற்றி வைத்து, பத்து நாள் கழித்துக் கறுத்த ஓரங்களோடு எடுத்துப்போட்ட காலத்தில், தட்டில் ஒதுக்கிவைப்பதற்காகவே கறிவேப்பிலை படைக்கப்பட்டது என்று நினைத்திருந்தேன். இப்போது என் மகள் ஒதுக்குவதில்லை. அதாவது, பெரும்பாலும் ஒதுக்குவதில்லை.

கறிவேப்பிலைக்குப் பொறுமை வேண்டும். செங்காம்பு ரகக் கன்று ஒன்றை நாற்பது ரூபாய்க்கு வாங்கி வைத்தேன். இரண்டு வருடம் அது முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. மூன்றாம் வருடம் பாதியாக வெட்டிய நீல டிரம்முக்கு மாற்றி மாடியிலேயே முழு வெயிலில் வைத்தேன். அதே சமயம் ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, புளித்த மோரில் ஐந்து பங்கு தண்ணீர் விட்டு வாரம் ஒரு தடவை ஊற்ற ஆரம்பித்தார். அடுத்த நாலு மாதத்தில் தளிர் தளிராகத் தள்ளியது. டிரம்தான் காரணம் என்பது என் கட்சி, மோர்தான் என்பது அத்தையின் கட்சி. ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறோம்: நுனியைக் கிள்ளினால்தான் பக்கக் கிளை விடும். உருவிக்கொண்டே இருக்கும் வீட்டுச் செடிதான் புதராக நிற்கும். பூவும் காயும் வைத்தால் அதையும் எடுத்துவிடுவேன், இலைக்குப் போக வேண்டிய சத்து அங்கே போய்விடும். மார்கழி, தையில் இலை வெளுத்து, செடி அப்படியே தூங்கும். அப்போது உரத்தைக் கொட்டிப் பயனில்லை, விட்டுவிட வேண்டும். டிரம் மாடியில் இருக்கிறது என்றாலும் காலையில் துணி உலர்த்தப் போகும்போது இரண்டு ஈர்க்கு கிள்ளி வருவேன். அவசரத்துக்கு, அதன் வேரிலிருந்து கிளம்பிய குட்டிக் கன்று ஒன்று பால்கனியில் நிற்கிறது.

இந்தச் செடிக்கு இன்னொரு பங்காளியும் உண்டு. ஒரு நாள் இலைமேல் காக்கை எச்சம் என்று நினைத்துத் தட்டிவிடப் போனேன், அது நகர்ந்தது. கறுப்பில் வெளிர்மஞ்சள் திட்டுப் போட்ட பட்டாம்பூச்சி, எலுமிச்சை, கறிவேப்பிலை போன்ற செடிகளைத் தேடிவந்து முட்டையிடும். அதன் புழு குட்டியாக இருக்கும்போது அச்சு அசலாக எச்சம்தான், வளர்ந்தபின் இலைப்பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளாக இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி, ஒரு புளிச்ச வாடை விடும். நாலு புழு சேர்ந்தால் சின்னக் கன்றை ஒரு வாரத்தில் மொட்டையாக்கிவிடும். முதலில் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தேன். மகள் ஒன்றை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, அது கூட்டுப்புழுவாகிப் பறந்ததைப் பார்த்தபின் அந்தத் தைரியம் போய்விட்டது. இப்போது பிடித்து மாடி டிரம்மில் விட்டுவிடுகிறோம், பெரிய செடி தாங்கும். ஒரு தடவை மட்டும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, புழு ரசம் வரைக்கும் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஈர்க்கையும் திருப்பிப் பார்த்துத்தான் போடுகிறேன்.

புதினாவுக்கு விதையும் வேண்டாம், கன்றும் வேண்டாம். கடைக் கட்டில் இலையை ஆய்ந்துவிட்டு, தடித்த தண்டுகளை டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் வேர் விடும். அரை நிழல், எப்போதும் ஈரம், அகலமான தொட்டி. ஆழம் தேவையில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை கொட்டிப் பார்த்தால் உள்ளே மண்ணே இருக்காது, வேர்தான் பாய் முடைந்திருக்கும். பாதியை வெட்டி எறிந்து புது மண் போடாவிட்டால் இலை சிறுத்துவிடும். எனக்கு இதில் பிடித்தது, அளவு நம் கையில் இருப்பது. கட்டு வாங்கினால் கட்டையும் தீர்த்தாக வேண்டும் என்று துவையல், புலாவ், மறுபடி துவையல் என்று ஓடும். இப்போது மோரில் இரண்டு இலை, பட்டாணிக் குருமாவை இறக்கும்போது நாலு இலை. இந்தச் சில்லறைச் செலவுக்குக் கடையில் இடமில்லை.

கொத்தமல்லியில்தான் நான் அதிகம் தோற்றிருக்கிறேன். தனியாவை முழுசாக விதைத்தால் சரியாக முளைக்காது. சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, ஒரு ராத்திரி ஊறவைத்துத் தூவ வேண்டும். பத்து நாளில் முளை வரும். சென்னையில் ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும்தான் அதற்குக் காலம். பங்குனி வெயில் பட்டதும் இலை மயிரிழையாகிப் பூத்துவிடும். மூன்று வருடம் அதைப் பிடுங்கி எறிந்தேன். நாலாவது வருடம் சோம்பலில் விட்டபோதுதான் பச்சைக் காய் பிடித்தது. அந்தப் பச்சைத் தனியாவை மிளகோடு நசுக்கி ரசத்தில் போட்டுப் பாருங்கள். இலையும் இல்லை, காய்ந்த தனியாவும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு காரமான எலுமிச்சை வாசம். எந்தக் கடையிலும் அதை விற்பதை நான் பார்த்ததில்லை.

கற்பூரவல்லிக்கு மழைக்கால மாலையில் பஜ்ஜி. மிச்ச நாளில் நாலு இலையைச் சீரகம், பச்சை மிளகாயோடு வதக்கித் தேங்காயுடன் அரைத்துத் தயிரில் கலந்தால் பச்சடி. ஐந்தாவது இலை போட்டால் அது இருமல் மருந்து. பிரண்டை பழைய பெயின்ட் வாளியில் தானாக வளர்கிறது. முதல் தடவை அவசரத்தில் அரைவதக்கலாக அரைத்துவிட்டு, வீடே தொண்டையைச் செருமிக்கொண்டு இருந்தது. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, இளங்கணுவை மட்டும் எடுத்து, நார் உரித்து, நிறம் மாறும்வரை நல்லெண்ணெயிலேயே வதக்கி, புளி தாராளமாக வைத்தால்தான் அரிப்பு அடங்கும். தூதுவளை ரசத்துக்கு, முள் குத்தும். எலுமிச்சைப்புல் டீக்கு. இவற்றுக்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ரோஸ்மேரி மூன்று தடவை வாங்கினேன், மூன்றும் புழுக்கத்தில் அழுகின. அது நீலகிரிக் குளிரில் வளர வேண்டியது, அதைக் குற்றம் சொல்ல முடியாது.

தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். பைகளை நேராகத் தரையில் வைத்ததால் மாடித் தளத்தில் ஈரம் தங்கி, எங்கள் கூடத்துக் கூரையில் தேமல் மாதிரி படர்ந்தது. வீட்டுக்காரர் நல்லவர், ஒரு வாரம்தான் பேசாமல் இருந்தார். இப்போது எல்லாமே இரும்பு ஸ்டாண்டில். மலிவான பைகள் இரண்டே வருடத்தில் வெயிலில் பொடிந்தன, அதே வயது பெயின்ட் வாளிகள் இன்னும் உழைக்கின்றன. அடியில் துளை நிறையப் போட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை விடாமல் அடித்தபோது, துளை அடைத்த தொட்டிகள் எல்லாம் குளமாகி வேர் அழுகியது. மண்ணுக்கு என் கணக்கு எளிது: செம்மண், மண்புழு உரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம பங்கு. தென்னைநாரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பழுப்புச் சாறு போனபின்தான் கலக்க வேண்டும். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளிப்பு. அதன்பின் ஒரு வாரம் அந்தச் செடியை நான் தொடமாட்டேன். தொட்டால் சாம்பார் கசக்கும், அதுவும் அனுபவம்தான்.

புதிதாகத் தொடங்குபவர் என்னைக் கேட்டால், முதலில் அடுப்பிலிருந்து எட்டு எட்டுக்குள் வெயில் விழும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள் என்பேன். ஜன்னல் விளிம்பாக இருந்தாலும் சரி. இருந்தால் இரண்டு தொட்டி போதும், புதினாவும் கற்பூரவல்லியும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டப் பைகள் கொடுக்கும்போது வாங்கிக்கொள்ளலாம். இருபது பை எல்லாம் முதல் வருடம் வேண்டாம்.

தள்ளுவண்டி அண்ணன் இன்னும் வருகிறார். கறிவேப்பிலையை எடுக்கக் கை நீட்டும்போதே, "வேண்டாம்ணே, வீட்ல இருக்கு" என்று சொல்லிவிடுவேன். கொசுறு கொடுக்காமல் அனுப்ப அவருக்கு மனம் வராது. "அப்ப நாலு பச்சமிளகா போடட்டுமாக்கா?" என்பார். பச்சை மிளகாயும் பால்கனியில் காய்த்துத்தான் தொங்குகிறது. அதை இதுவரை நான் அவரிடம் சொல்லவில்லை.